தண்ணி இல்லாத ஸ்ட்ராபெரிக்கு இவ்வளவு விலையா?

சூப்பர் மார்க்கெட்டில் முந்திரி, பிஸ்தா அடுக்கியிருக்கிற வரிசையில் இப்போதெல்லாம் ஒரு பளபளப்பான பாக்கெட் உட்கார்ந்திருக்கிறது. கையில் எடுத்தால் காற்றை வாங்கின மாதிரி இருக்கும். உள்ளே சிவப்பு சிவப்பாக ஸ்ட்ராபெரித் துண்டுகள், குலுக்கினால் சிப்ஸ் மாதிரி சலசலக்கும். திருப்பிப் பார்த்தால் எடை 20 கிராம், விலை 240 ரூபாய். மனக்கணக்குப் போட்டவர்கள் அப்படியே பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்ப்பார்கள் :)

கிலோவுக்கு 12,000 ரூபாய்ங்க! முந்திரிப் பருப்பே ஆயிரத்துச் சொச்சம்தான். சாதா ஸ்ட்ராபெரி, சீசனில் 200 கிராம் டப்பா 100 ரூபாய். அதாவது கிலோ 500. அப்படியென்றால் 24 மடங்கு. பகல் கொள்ளை என்று முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் குரோம்பேட்டையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற ஒரு அக்கா அப்படி நகர முடியாமல் மாட்டிக்கொண்டார். அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தப் பாக்கெட்டின் விவகாரம் புரியும்.

அக்காவுக்குக் கடையெல்லாம் கிடையாது. ஒரு ஓடிஜி, ஒரு கை பீட்டர், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், வாட்ஸப்பில் ஒரு குரூப். அவ்வளவுதான் மூலதனம். வாரத்துக்கு நாலைந்து ஆர்டர். ஒரு கிலோ கேக் 900 ரூபாய். ஸ்ட்ராபெரி கேக் என்றால் வழக்கமான வழிதான்: எசென்ஸ் நாலு சொட்டு, பிங்க் கலர் ரெண்டு சொட்டு. இரண்டும் சேர்ந்து மூணு ரூபாய்கூட ஆகாது. கேட்டவர்களும் சந்தோஷம், கொடுத்தவரும் சந்தோஷம்.

போன ஜூலையில் ஒரு ஆர்டர் வந்தது. பெண்ணுக்கு ஏழாவது பிறந்தநாள். "சிஸ்டர், கலர் எசென்ஸ் எதுவும் வேணாம். நிஜப் பழம் போட்டுத் தர முடியுமா? பாப்பாவுக்கு ஸ்ட்ராபெரிதான் வேணுமாம்." அக்காவும் யோசிக்காமல் "சரி"ன்னு தட்டிவிட்டார். தட்டின பிறகுதான் காலண்டரைப் பார்த்தார். இங்கே வருகிற ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு மகாபலேஷ்வர் பக்கத்துச் சரக்கு, அது குளிர்காலப் பயிர். மார்ச், ஏப்ரலோடு வண்டி நின்றுவிடும். ஜூலையில் பழத்துக்கு எங்கே போவது?

முதலில் ஃப்ரோசன் ஸ்ட்ராபெரி வாங்கினார். பனி இளக விட்டு மிக்ஸியில் அடித்தால் அழகான சிவப்புக் கூழ். அதை பட்டர் கிரீமில் ஊற்றி பீட்டரை ஓட்டினார். இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கிரீம் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாகப் பிரிந்து, ஓரத்தில் சிவப்புத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. 150 கிராம் வெண்ணெயும் 300 கிராம் ஐசிங் சுகரும் காலி.

இதற்குக் காரணம் அக்காவின் கை இல்லை, பழம்தான். ஸ்ட்ராபெரியில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒரு பங்கு தண்ணீர். வெண்ணெயில் ஏறக்குறைய 80 பங்கு கொழுப்பு, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். அந்தக் கொஞ்சத் தண்ணீரைத்தான் கொழுப்பு தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் டம்ளர் டம்ளராக ஊற்றினால் பிடி விட்டுப் போகும். கிரீமில் பழத்தின் ருசி நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரு கிலோ கேக்குக்கு கால் கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். கால் கிலோ பழத்தில் தண்ணீர் மட்டுமே ஒரு பெரிய டம்ளர். அதை எந்த பட்டர் கிரீம் தாங்கும்?

அடுத்து, கூழை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சிப் பார்த்தார். இது நல்ல வழிதான், செலவும் குறைவு. ஆனால் அரை மணி நேரம் கொதித்த பிறகு அது ஸ்ட்ராபெரி இல்லை, ஜாம். நிறமும் செங்கல் பொடி மாதிரி ஆகிவிட்டது. ருசி பார்த்த அவர் வீட்டுக்காரர், "பிரெட் இருக்கா?"ன்னு கேட்டாராம். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது நாள்தான் அந்த 240 ரூபாய்ப் பாக்கெட் வீட்டுக்குள் வந்தது.

அதைப் பிரித்ததும் முதல் கேள்வி கேட்டவர் மாமியார். மொட்டை மாடியில் நாற்பது வருஷமாக வடாம் பிழிந்தவர். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பார்த்தார், பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"ஏம்மா, இது வத்தல்தானே? வத்தலுக்கா இவ்வளவு காசு குடுத்த?"

"வத்தல் இல்ல அத்தை. இது வேற மாதிரி காய வைக்கிறது."

"காய வைக்கிறதுல என்னம்மா வேற மாதிரி? வெயில் ஒண்ணுதானே?"

மாமியார் கேட்டதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. சுண்டைக்காயையோ மணத்தக்காளியையோ வெயிலில் போட்டால் என்ன ஆகிறது? உள்ளே இருக்கிற தண்ணீர் தண்ணீராகவே மெதுவாக மேலே வந்து ஆவியாகப் போகிறது. போகும்போது சும்மா போவதில்லை. காயின் சின்னச் சின்ன அறைகளின் சுவர்களை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே போகிறது. அதனால்தான் வற்றல் சுருங்குகிறது, கெட்டிப்படுகிறது, கறுக்கிறது. அந்தச் சுருக்கம் சுண்டைக்காய்க்கு அழகு, வறுத்துக் குழம்பில் போட்டால் அமிர்தம். ஸ்ட்ராபெரியை அப்படிக் காய வைத்தால் தோல் செருப்பு மாதிரி ஒரு பொருள் கிடைக்கும். மெல்லலாம், பொடிக்க முடியாது.

ஃப்ரீஸ் டிரையிங் (தமிழில் உறை உலர்த்தல்) வேறு பாதை. பழத்தை முதலில் மைனஸ் 30, 40 டிகிரியில் கல்லாக உறைய வைக்கிறார்கள். பிறகு ஒரு இரும்பு அறைக்குள் அடுக்கி, பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சிவிடுகிறார்கள். காற்றழுத்தம் சாதாரணமாக இருப்பதில் சுமார் 165ல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். ஐஸ் உருகாது! உருகாமலே நேரடியாக ஆவியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பதங்கமாதல்தான், வேறொன்றும் இல்லை. தட்டில் வைத்த கற்பூரம் ஈரமே இல்லாமல் கரைந்து காணாமல் போகிறதே, அதே கதை. அறைக்குள் மெல்ல மெல்லச் சூடு கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்து ஐஸ் முழுக்கப் போய்விடும். ஐஸ் நின்ற இடமெல்லாம் ஓட்டை. சுவர்கள் அப்படியே நிற்கும். கட்டடம் கட்டி முடித்துச் சாரத்தைப் பிரித்த மாதிரி.

அதனால்தான் பழம் சுருங்கவில்லை, நிறம் போகவில்லை, பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருக்கிறது. கொதிக்கவே இல்லை என்பதால் ருசியும் ஜாம் பக்கம் போகவில்லை.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. பெரு, பொலிவியா மலைப் பக்கத்து மக்கள், மெஷின் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய வைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காய வைத்து 'சுன்யோ' என்று எடுத்து வைக்கிறார்கள். வருஷக்கணக்கில் கெடாது. ஆய்வுக்கூட முறை 1906ல் பாரிஸில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் ரத்தப் பிளாஸ்மாவை இப்படி உலர்த்திப் போர்முனைக்கு அனுப்பினார்கள். பழத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

வந்த கையோடு ஒரு பெரிய அடியும் வாங்கியது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் போஸ்ட் கம்பெனி கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிக்குள்ளேயே ஃப்ரீஸ் டிரை ஸ்ட்ராபெரியைப் போட்டு விற்றது. கெல்லாக்ஸ் விடுமா? வாழைப்பழம் போட்டு இறக்கியது. முதல் தடவை எல்லோரும் ஆசையாக வாங்கினார்கள். இரண்டாம் தடவை வாங்கவில்லை. ஏன் தெரியுமா? பாலை ஊற்றினால் பழம் ஊறி மிருதுவாக ரொம்ப நேரம் ஆகிறது. பழம் ஊறுகிற நேரத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் கஞ்சியாகிவிடுகிறது. பழமும் மறுபடி பழமாக ஆகவில்லை, நனைந்த ஸ்பாஞ்ச் ஆனது. மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்லித் தர வேண்டிய கேஸ் இது. முதல் விற்பனை விளம்பரத்தால் வரும், இரண்டாவது விற்பனை கிண்ணத்தில்தான் முடிவாகும். தண்ணீரை எடுத்த பொருளுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் பழைய பொருள் வராது என்பதை அந்தக் கம்பெனிகள் நல்ல செலவு செய்து கற்றுக்கொண்டன. குரோம்பேட்டை அக்கா மாதிரி ஆட்களுக்கு அந்தப் பாடம் இலவசம்.

அப்படியென்றால் இதை ஊற வைக்கக் கூடாது. பொடிக்க வேண்டும்.

பொடிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. சென்னைக் காற்றில் ஈரம் பிழிந்தால் சொட்டும். பாக்கெட்டைப் பிரித்து மேடையில் வைத்துவிட்டு போன் பேசப் போனால், திரும்பி வருவதற்குள் மொறுமொறு போய் ரப்பர் ஆகியிருக்கும். ஓட்டை ஓட்டையாக நிற்கிற பழம், கிடைக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கும். அதனால் மிக்ஸி ஜார், மூடி, பிளேடு எல்லாம் முதல் நாளே கழுவித் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். பழத்தோடு இரண்டு ஸ்பூன் ஐசிங் சுகர் சேர்த்தால் கட்டி கட்டாது. விட்டு விட்டு நாலைந்து சுற்றுதான். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகிப் பொடி பிசுபிசுக்கும். நின்றதும் மூடியைத் திறந்தால் பிங்க் புகை மூக்கில் ஏறும், ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். அப்புறம் சலிக்கணும். சலிக்காமல் போட்டால் ஸ்ட்ராபெரி விதை பைப்பிங் நாஸிலில் போய் அடைத்துக்கொள்ளும். ரோஜாப்பூ போடுகிற நேரத்தில் நாஸில் அடைத்து, ஊசியை வைத்துக் குத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மீதிப் பாக்கெட்டை என்ன செய்வது என்று அக்கா முழித்தபோது மாமியார்தான் வழி சொன்னார். அப்பளம், வடாம் போட்டு வைக்கிற பழைய கண்ணாடி ஜாடி. இறுக்கமான மூடி. "உள்ள ஈரக் கை படக்கூடாது, அவ்வளவுதான்மா. வடாத்துக்கு உள்ள சட்டம்தான் இதுக்கும்." மாத்திரை டப்பாக்களில் வருகிற சிலிகா பைகளை அக்கா சேர்த்து வைத்திருந்தார், அதில் இரண்டை உள்ளே போட்டார். ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. குளிர்ந்த ஜாடியை வெளியே எடுத்துத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வியர்வையாகப் படியும். மாமியாருக்குப் பதங்கமாதல் தெரியாது, ஆனால் பாதி பாடத்தை அவர்தான் நடத்தினார்.

பொடி கிரீமில் விழுந்ததும் நடந்தது அக்காவுக்கே ஆச்சரியம். திரியவில்லை. நீர்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. உலர்ந்த பழம் கிரீமில் இருந்த கொஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டதால் வந்த கெட்டி அது. 450 கிராம் கிரீமுக்கு 25 கிராம் பொடி. அந்த 25 கிராமில் கால் கிலோவுக்கு மேல் பழம் இருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் இல்லை.

கொஞ்சம் பொடியைக் கேக் மாவிலும் போட்டுப் பார்த்தார். அது தோல்வி. உள்ளே வெந்து வந்த கேக் பிங்காக இல்லாமல் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தில் வந்தது. செம்பருத்திப் பூச் சாற்றில் அமிலமும் காரமும் சோதித்தது ஞாபகம் இருக்கிறதா? ஸ்ட்ராபெரியின் சிவப்பும் அந்த ஜாதிதான். சமையல் சோடா கூடினால் நீலத்துக்குப் போகும், எலுமிச்சை பிழிந்தால் சிவப்பில் நிற்கும். போதாததற்கு ஓவன் சூடு வேறு நிறத்தைத் தின்னும். மாவில் போட்டே ஆக வேண்டும் என்றால் சோடாவைக் குறைத்துத் தயிரோ எலுமிச்சையோ கூட்டலாம், அப்படியும் கண்ணைப் பறிக்கிற பிங்க் எல்லாம் வராது. அடுப்புக்குப் போகாத இடத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம். கிரீம், மேல் அலங்காரம், சாக்லேட்.

சாக்லேட் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். உருக்கின சாக்லேட்டில் ஒரு ஸ்பூன் பழச்சாறு விழுந்தால் போதும், மொத்தமும் மணல் மாதிரி இறுகிவிடும். வீட்டில் சாக்லேட் செய்கிற எல்லோரும் ஒரு தடவையாவது அழுதிருப்பார்கள். ஒயிட் சாக்லேட்டில் இந்தப் பொடியைக் கலந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. ஒயிட் சாக்லேட்டின் திகட்டலுக்கு ஸ்ட்ராபெரியின் புளிப்பு சரியான ஜோடி. இந்தப் பாக்கெட்டின் விலையை ஒரே வாயில் நியாயப்படுத்துகிற பண்டம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

சரி, விலை. இப்போது காமர்ஸ் மக்கள் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் 24 மடங்கு என்று பார்த்தோம். ஆனால் அது சரியான ஒப்பீடா? பச்சைப் பழம் ஒரு கிலோ 500 ரூபாய். காம்பு, இலை, டப்பாவின் அடியில் நசுங்கிக் கிடக்கிற இரண்டு பழம் எல்லாம் கழித்தால் 900 கிராம் தேறும். அதில் 91 சதவீதம் தண்ணீர். தண்ணீர் போக மிஞ்சுவது, அதாவது சர்க்கரை, புளிப்பு, நிறம், நார் எல்லாம் சேர்த்து, 81 கிராம். 500ஐ 81ஆல் வகுத்தால் கிராமுக்கு ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பாக்கெட்டில் கிராமுக்கு 12 ரூபாய். ஆக வித்தியாசம் 24 மடங்கு இல்லை, இரண்டே மடங்கு!

அந்த இரண்டாவது மடங்கு எதற்கு? மைனஸ் 40 டிகிரிக்கு, ஒரு நாளுக்கு மேல் ஓடுகிற பம்புக்கு, ஈரமும் வெளிச்சமும் புகாத உறைக்கு. சுருக்கமாகச் சொன்னால், சூடு காட்டாமல் தண்ணீரை வெளியே அனுப்பின கூலி. அந்தத் தண்ணீர் உங்களுக்கு எதிரியாக இருக்கிற பண்டத்தில் அந்தக் கூலி தண்டம் இல்லை. எதிரியாக இல்லாத பண்டத்தில் சுத்தத் தண்டம். மில்க் ஷேக்கில் இதைப் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தண்ணீரை எடுக்க ஒரு தடவை காசு கொடுத்துவிட்டு, பாலை ஊற்றி மறுபடி நனைக்கிறார்கள். கேசரி, பாயசம், ஜாம், பான்கேக் மேல் ஊற்றுகிற சாஸ்... எதற்குமே வேண்டாம். ஃப்ரோசன் பழம் போதும்.

அக்காவின் கணக்குக்கு வருவோம். 25 கிராம் பொடி 300 ரூபாய். மேலே தூவ இன்னும் 5 கிராம், 60 ரூபாய். மூணு ரூபாய் எசென்ஸ் இருந்த இடத்தில் 360 ரூபாய். 900 ரூபாய்க் கேக்கில் இதைத் தன் கையிலிருந்து போட்டால், இரண்டு நாள் நின்று வேலை செய்த கூலி கிட்டத்தட்ட மொத்தமும் போய்விடும். பாதி பொடி, பாதி எசென்ஸ் என்று போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நிறம்கூட இன்னும் நன்றாக வரும். ஏற்கெனவே ஒரு கிரீம் வீணாகிவிட்டது, அந்த நஷ்டம் வேறு தலையில். ராத்திரி பதினோரு மணிக்கு எசென்ஸ் பாட்டிலைக் கையில் எடுத்து மூடியைத் திறந்துகூட விட்டாராம்.

திரும்ப மூடிவிட்டு வாட்ஸப்பில் வாடிக்கையாளருக்கு எழுதினார்: "நிஜப் பழம் போட்டா 350 ரூபா எக்ஸ்ட்ரா ஆகும். கலர் லைட்டா இருக்கும், கொஞ்சம் புளிக்கும். வேணாம்னா நார்மல் ரேட்ல எசென்ஸ் கேக் பண்ணித் தரேன். ரெண்டும் ஓகேதான் சிஸ்டர், நீங்களே சொல்லுங்க." இரண்டு நீல டிக். பதில் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் பதில் வந்தது. "நிஜப் பழமே போடுங்க."

பத்து ரூபாயை ஏன் விட்டார் என்று கேட்டால், ரவுண்டா இருக்கட்டும்னுதான் என்கிறார். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது.

கேக் போனது. வெளிறின பிங்க், நடுநடுவே சிவப்புப் புள்ளி. கடைக் கேக்கின் பளீர் பிங்க் இல்லை. சாயங்காலம் போட்டோவும் வந்தது, ரிப்போர்ட்டும் வந்தது. பெரியவர்கள் எல்லோரும் இரண்டாவது துண்டு கேட்டார்களாம். பிறந்தநாள் கொண்டாடின பாப்பா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது ஸ்ட்ராபெரி மாதிரியே இல்லையே"ன்னு சொல்லிவிட்டாளாம்.

பாப்பா சொன்னது தப்பில்லை. ஐஸ்கிரீம், மிட்டாய், பிஸ்கட், ஃபேன்டசி பால் என்று பிறந்ததிலிருந்து அவள் சாப்பிட்ட ஸ்ட்ராபெரி எல்லாமே எசென்ஸ்தான். அவள் நாக்கில் ஸ்ட்ராபெரி என்றால் அந்த வாசனைதான். புளிக்கிற, விதை இருக்கிற, லேசாகப் பச்சை இலை வாசம் அடிக்கிற பழம் அவளுக்கு யாரோ. மலைப் பயிர் தோட்டத்துப் பக்கம் வளராத பெரும்பாலான தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே நிலைமைதான். அப்பா அம்மா 350 ரூபாய் அதிகம் கொடுத்து நிஜத்தை வாங்கினார்கள், பிள்ளைக்கு அது போலியாகப் பட்டது. இதில் யாரைக் குறை சொல்வது?

அக்டோபரில் அதே வீட்டிலிருந்து மறுபடி ஆர்டர் வந்தது. சாக்லேட் கேக் :)

அக்கா சோர்ந்து போகவில்லை. வாட்ஸப் ரேட் கார்டில் ஒரு வரி கூடியிருக்கிறது: 'ஸ்ட்ராபெரி (எசென்ஸ்) 900, ஸ்ட்ராபெரி (பழம்) 1,250.' மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பேர் இரண்டாவதைக் கேட்கிறார்கள். ஆனால் முதலாவதைக் கேட்கிறவர்களுக்கும் இப்போது அது எசென்ஸ் என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 'டிரைட் ஸ்ட்ராபெரி' என்று போட்டு பிசுபிசுவென்று, பேரீச்சம்பழம் மாதிரி கனமாக இருப்பது வேறு சரக்கு, சர்க்கரைப் பாகில் ஊற வைத்து உலர்த்துவது. அதைப் பொடிக்கப் போனால் மிக்ஸி பிளேடு நின்றுவிடும். மொறுமொறுவென்று இருக்கிற பலாப்பழச் சிப்ஸ் பலதும் ஃப்ரீஸ் டிரை இல்லை, எண்ணெயில் பொரித்தது. பின்பக்கத்தில் சேர்மானம் என்ற இடத்தில் பழத்தின் பெயர் மட்டும் ஒரே வார்த்தையாக இருந்தால்தான் அசல். பொடியாகவே விற்பதில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று கண்டால் அதில் பாதி பழமே இல்லாமலும் இருக்கலாம். இன்னொன்று, இதைச் சிப்ஸ் மாதிரி கொறிக்கக் கொடுத்தால் குழந்தைகள் இரண்டே நிமிஷத்தில் 20 கிராமையும் முடித்துவிடும். அது 200 கிராம் பழத்தின் சர்க்கரை. தண்ணீர் இல்லாததால் வயிற்றுக்குத் தெரியாது, பர்ஸுக்குத் தெரியும்.

வீட்டு ஃப்ரீஸரில் வைத்து இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஃப்ரீஸரில் மாதக்கணக்கில் மறந்துபோன பட்டாணி வெளிறிச் சுருங்கிக் கிடக்குமே, அது இதே பதங்கமாதல்தான், ஆனால் பம்ப் இல்லாததால் ஆமை வேகம். அமெரிக்காவில் வீட்டுக்கென்றே மெஷின் விற்கிறார்கள், இரண்டாயிரம் டாலருக்கு மேல். தோட்டத்தில் பழம் கொட்டிக் கிடக்கிறவர்களுக்குச் சரி. குரோம்பேட்டை இரண்டாம் மாடிக்கு அது சரிப்படாது.

இப்போது அந்த வீட்டில் ஓடுகிற சோதனை தீபாவளிக்கானது. மாம்பழம். சீசன் முடிந்து மூன்று மாதம் ஆன பிறகு ஃப்ரீஸ் டிரை மாம்பழப் பொடியைத் தேங்காய் பர்ஃபியில் போடலாம் என்பது மாமியாரின் யோசனை. மாம்பழக் கூழ் போட்டால் பர்ஃபி பதம் வர அரை மணி கூடுதலாகக் கிளற வேண்டும், அதற்குள் நிறம் மங்கிவிடும். பொடி என்றால் அடுப்பை அணைத்து, கை பொறுக்கிற சூட்டில் தூவிப் பிரட்டித் தட்டில் கொட்டிவிடலாம். முதல் தட்டில் பொடி கூடிப்போய் பர்ஃபி மண்ணாக உதிர்ந்தது. இரண்டாவது தட்டில் அரைக் கிலோவுக்கு 15 கிராம் என்று குறைத்திருக்கிறார்கள். துண்டு போட நாளைக் காலை வரை ஆற வேண்டுமாம், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று மாமியார் உத்தரவு.